கண்ணு வெச்ச கதை

தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்திருந்தால் கவனித்திருப்பீர்கள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அதியமான்கோட்டை வரும். அடுத்து நல்லம்பள்ளி. அப்புறம் தொப்பூர் கணவாய்.

அதியமான்கோட்டை என்ற போர்டைப் பார்த்ததும் உங்கள் மனசுக்கு என்ன வரும்? நெல்லிக்காய்தானே! தகடூரை ஆண்ட அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதை. பள்ளிக்கூடத்தில் படித்தது, யாருக்கும் மறக்காது. மலைப் பிளவில், ஏறவே முடியாத இடத்தில் காய்த்த கனி அது என்று ஔவையாரே புறநானூற்றில் சொல்கிறார். கோலிக்குண்டு சைஸில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். காட்டு நெல்லி அப்படித்தான்.

இன்றைக்கு அதே வட்டாரத்தில் சந்தையில் குவித்து விற்கிற நெல்லியைப் பாருங்கள். எலுமிச்சம்பழம் தோற்றுப்போகும். அதியமான் காலத்துக்கும் நம் காலத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? மரத்தை யாரோ அறுத்து, உள்ளே எதையோ வைத்துக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான்!

நிஜமாகத்தான் சொல்கிறேன். பெரிய நெல்லி மரத்தின் விதையைப் போட்டால் பெரிய நெல்லியே வரும் என்று எந்த நிச்சயமும் கிடையாது. அதனால் நர்சரிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? நாட்டு நெல்லி விதையைப் போட்டு நாற்று வளர்க்கிறார்கள். தண்டு பென்சில் கனம் வந்ததும் பட்டையில் கத்தியால் சின்னதாக ஒரு கீறல். நல்ல தாய் மரத்துக் குச்சியிலிருந்து ஒரே ஒரு மொட்டை, கொஞ்சம் பட்டையோடு சேர்த்து நகம் மாதிரி செதுக்கி எடுத்து, அந்தக் கீறலுக்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மொட்டு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். சில வாரங்களில் அது துளிர்த்துவிட்டால், மேலே இருக்கிற நாட்டுத் தலையை வெட்டி எறிந்துவிடலாம். வேர் காட்டு நெல்லி, மேலே காய்ப்பது வேறு நெல்லி. இதற்கு நம் ஊர்ப் பெயர் மொட்டு கட்டுதல்.

இதே வேலைக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமாபுரி விவசாயி வைத்த பெயர் என்ன தெரியுமா? இனாகுலாரே! 'இன்' என்றால் உள்ளே. 'ஓகுலுஸ்' என்றால் கண். உள்ளே ஒரு கண்ணை வைப்பது. ஆங்கிலத்தில் 'இனாகுலேட்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறதே, டாக்டர்களும் விஞ்ஞானிகளும் கெத்தாகச் சொல்வார்களே, அதற்கு அப்பன் இதுதான்.

'கண்ணு வெச்சுட்டாங்க' என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம். சுத்திப் போடச் சொல்வார்கள். ரோமாபுரியில் மரத்துக்குக் கண்ணு வைத்தால் விளைச்சல் கூடும்!

இந்தச் சொல்லைப் பற்றி ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நல்லம்பள்ளி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மாணவி கடிதம் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். விவசாயப் படிப்பில் முதல் வருஷம். பிராக்டிகல் வகுப்பில் கொள்ளு விதையையும் ஒரு பாக்கெட்டையும் கையில் கொடுத்து, 'விதையை இனாகுலேட் பண்ணு' என்றாராம் ஆசிரியர். இந்தப் பெண்ணுக்கு அகராதியில் படித்த அர்த்தம் தெரியும். தடுப்பூசி போடுதல். அதனால் அப்பாவியாக, 'சார்... விதைக்கு எந்த இடத்தில் ஊசி போடணும்?' என்று கேட்டுவிட்டார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்றைக்கு மூடிய வாயை அப்புறம் அந்த வகுப்பில் திறக்கவே இல்லையாம். 'எங்கப்பா நர்சரியில ஒட்டுக் கட்டுற வேலைதான் செய்யறாரு சார். ஆனா எனக்கு இந்தப் படிப்பு சரிப்படுமான்னு தெரியலை' என்று முடித்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்கும்? அந்தச் சொல் முதன்முதலில் எதைக் குறித்ததோ, அதே வேலையைத் தினமும் செய்கிற மனிதரின் மகள்தான் அன்றைக்குக் கூனிக்குறுகி நின்றிருக்கிறாள்!

நானும் பி.காம். தான். டெபிட், கிரெடிட் என்று மூன்று வருஷம் எழுதினேன். டெபிட் என்றால் லத்தீனில் 'கடன்பட்டது', கிரெடிட் என்றால் 'நம்பிக் கொடுத்தது' என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் முதல் வருஷமே பேலன்ஸ் ஷீட் பாதி புரிந்திருக்கும். போகட்டும்.

ரோமாபுரிக்குப் போவோம். கி.மு. 29 வாக்கில் வெர்ஜில் என்ற கவிஞர் விவசாயத்தைப் பற்றியே ஒரு நீண்ட காவியம் எழுதி முடித்தார். பெயர் ஜார்ஜிக்ஸ். கிளையைப் பிளந்து குச்சியைச் செருகுவது ஒரு முறை, பட்டையைக் கீறிக் கண்ணை வைப்பது இன்னொரு முறை என்று அதில் பிரித்தே சொல்கிறார். அவருக்குப் பின்னால் வந்த கொலுமெல்லா, கவிஞர் அல்ல, பக்கா விவசாயி. ஸ்பெயினில் பிறந்து இத்தாலியில் நிலம் வைத்திருந்தவர். வேளாண்மை பற்றி அவர் எழுதிய புத்தகத்திலும் இந்த ஒட்டு வேலை விலாவாரியாக வருகிறது.

மரத்தின் மொட்டை எதற்குக் கண் என்றார்கள்? ரோமாபுரிக்காரனை விடுங்கள், நாம் என்ன சொல்கிறோம்? தேங்காய்க்கு மூன்று கண். முளை வருவது அதில் ஒன்றின் வழியாகத்தான். உருளைக்கிழங்கில் கண். கிணற்றில் ஊற்றுக்கண். மூங்கில் கணுவுக்கே கண் என்ற பெயர் உண்டு. உயிர் எங்கிருந்து வெளியே எட்டிப் பார்க்கிறதோ, அதைக் கண் என்று சொல்லத் தோன்றுவது மனித சுபாவம் போல.

கரும்புக் கரணையில் முளைக்கிற இடம் இருக்கிறதே, அதை என்ன சொல்கிறோம்? பரு! ஒரு பருக் கரணை, இரு பருக் கரணை என்று பாலக்கோடு பக்கம் கரும்புக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். (கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்ததே அதியமானின் முன்னோர்கள்தான் என்று ஔவையார் இன்னொரு பாட்டில் சொல்கிறார். தர்மபுரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) முகத்தில் வருவதும் பரு. செடியின் மொட்டும் பரு, உடம்பின் கொப்புளமும் பரு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இனாகுலேட் என்ற சொல் தாண்டியது இதே வரப்பைத்தான்.

சுமார் 1700 வரைக்கும் இங்கிலாந்தில் இது சுத்தமான தோட்டக்காரன் பாஷை. ஆப்பிளுக்குக் கண் வைத்தான், ரோஜாவுக்குக் கண் வைத்தான் என்றுதான் எழுதுவார்கள். 1714-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கடிதம் அச்சானது. எழுதியவர் இமானுவேல் டிமோனி, கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்து டாக்டர். அதாவது இன்றைய இஸ்தான்புல். அங்கே பெரியம்மைக்கு ஒரு வைத்தியம் நடக்கிறது, அம்மை லேசாகக் கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழை எடுத்து, நன்றாக இருப்பவரின் தோலைக் கீறி உள்ளே வைத்துக் கட்டிவிடுகிறார்கள், அவருக்கு லேசாக அம்மை போட்டு இறங்கிவிடுகிறது, பிறகு ஆயுசுக்கும் வருவதில்லை என்று அவர் விவரித்திருந்தார். இந்த வேலையைக் குறிக்க அந்தக் கடிதம் எடுத்துக்கொண்ட சொல்... இனாகுலேஷன்!

யோசித்துப் பார்த்தால் வேறு சொல்லே தேவையில்லை. கத்தி இருக்கிறது. கீறல் இருக்கிறது. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பது இருக்கிறது. கட்டு இருக்கிறது. பிடித்ததா இல்லையா என்று காத்திருப்பதும் இருக்கிறது. நெல்லிக்குச் செய்ததையேதான் மனுஷனுக்கும் செய்கிறார்கள்.

மூன்று வருஷம் கழித்து, 1717-ல், அதே துருக்கியிலிருந்து மேரி வோர்ட்லி மாண்டேகு என்ற ஆங்கிலேயத் தூதரின் மனைவி தோழிக்கு எழுதினார். அவர் பயன்படுத்தியதும் ஒட்டுக் கட்டுவதற்கான இன்னொரு தோட்டச் சொல்தான். கிழவிகள் கொட்டை ஓட்டில் அம்மைச் சீழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்களாம். மேரியின் தம்பி 1713-ல் பெரியம்மையில் செத்துப்போனவர். மேரிக்கே 1715-ல் அம்மை கண்டு, பேரழகி என்று பெயரெடுத்த முகம் தழும்பாகிவிட்டது. 1718-ல் தன் மகனுக்கு அங்கேயே 'ஒட்டு' கட்ட வைத்தார். 1721-ல் லண்டனுக்கு அம்மை வந்தபோது, டாக்டர்கள் பார்க்க, மகளுக்கும்.

அரசாங்கம் உடனே நம்பிவிடவில்லை. அதே 1721 ஆகஸ்டில் நியூகேட் ஜெயிலில் மரண தண்டனைக்குக் காத்திருந்த ஆறு கைதிகளிடம், 'இதை வைத்துக்கொண்டு பிழைத்தால் விடுதலை' என்றார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். வெளியே போனார்கள்.

அந்த வருஷமே அமெரிக்காவின் பாஸ்டனிலும் இதே கதை. அங்கே சொல்லிக் கொடுத்தவர் ஒனேசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை. 'எங்க ஊரில் எனக்குச் சின்ன வயசிலேயே செய்திருக்காங்க' என்று எஜமானர் காட்டன் மேதரிடம் சொன்னார். பாய்ல்ஸ்டன் என்ற டாக்டர் சுமார் 240 பேருக்குச் செய்தார். இறந்தது 6 பேர். தானாக அம்மை கண்டவர்களில் இறந்தது 800 பேருக்கு மேல், ஏறக்குறைய ஏழு பேரில் ஒருத்தர். அதற்குப் பரிசாக மேதர் வீட்டுக்குள் யாரோ குண்டு வீசினார்கள்!

நம் தேசத்தில்? வங்காளத்தில் டீக்காதார் என்று இதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்க் கீறி வைத்ததை, ஹோல்வெல் என்ற கம்பெனி அதிகாரி 1767-ல் லண்டன் மருத்துவர் கல்லூரிக்கு விவரமாக எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் கொண்டு வந்து கொடுத்த ஞானம் அல்ல அது. துருக்கிக் கிழவி, ஆப்பிரிக்க அடிமை, வங்காளத்து டீக்காதார்... மூன்று பேருக்கும் லத்தீன் தெரியாது. பெயர் மட்டும் லத்தீனில் வந்துவிட்டது.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கம்பெனி கைக்கு வந்தது. பாரமகால் என்றால் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி. நிலத்தை அளந்து வரி போட கேப்டன் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் வந்தார்கள். மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். தர்மபுரியில் அவர் போட்ட தோட்டத்தின் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அதை விட்டுப் பிரிந்ததைப் பற்றிக் கடிதத்தில் உருகியிருக்கிறார். அந்த மன்றோவிடம் போய் 'இனாகுலேட்' என்று சொல்லியிருந்தால், 'செடிக்கா, பிள்ளைக்கா?' என்று கேட்டிருப்பார். அன்றைக்கு அந்தச் சொல் இரண்டு பக்கமும் செல்லுபடியான நாணயம்.

மன்றோ இங்கே இருந்தபோதுதான் இங்கிலாந்தில் இன்னொரு சொல் பிறந்துகொண்டிருந்தது. 1796 மே 14-ம் தேதி எட்வர்டு ஜென்னர், பால்காரப் பெண் ஒருத்தியின் கையில் மாட்டம்மையால் வந்த கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயசுப் பையனுக்கு வைத்தார். ஜூலையில் அதே பையனுக்கு நிஜப் பெரியம்மையை வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை! பையன் தப்பினான். 1798-ல் புத்தகம் போட்டார். மாட்டம்மைக்கு லத்தீனில் அவர் சொன்ன பெயரில் 'வாக்கா', அதாவது பசு, ஒட்டிக்கொண்டிருந்தது. 1800-ல் ரிச்சர்டு டன்னிங் என்ற டாக்டர் அதிலிருந்து 'வேக்சினேஷன்' என்ற சொல்லை உருவாக்கினார். நேரடியாக மொழிபெயர்த்தால் 'பசுவாக்குதல்'! இந்தச் சொல்லே பயத்தைக் கிளப்பியது. 1802-ல் கில்ரே என்ற கார்ட்டூனிஸ்ட், ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூக்கிலும் கையிலும் குட்டி மாடுகள் முளைப்பதாகப் படம் போட்டுத் தாளித்துவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய ஆவணங்களைப் புரட்டுகிறவர்கள் அடிக்கடி சறுக்குகிற இடம் இது. 1798-க்கு முந்தைய ஒரு காகிதத்தில் இனாகுலேட் என்று இருந்தால் அது நாம் நினைக்கிற தடுப்பூசி அல்ல. நிஜப் பெரியம்மையையே வைப்பது. நூற்றுக்கு ஓரிருவர் அதில் சாவார்கள். தவிர, வைத்துக்கொண்டவர் குணமாகும்வரை ஊருக்கே பரப்பிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் 1840-ல் இங்கிலாந்தே அதைத் தடை செய்துவிட்டுப் பசு வைத்தியத்தை மட்டும் அனுமதித்தது. அப்புறம் 1881-ல் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையாக எல்லாத் தடுப்பு மருந்துகளையும் 'வேக்சின்' என்றே சொல்லலாம் என்றார். அதனால்தான் பசுவுக்குச் சம்பந்தமே இல்லாத போலியோ சொட்டு மருந்துக்குள்ளும் ஒரு பசு நின்றுகொண்டிருக்கிறது.

அந்தப் பசு இந்தியா வந்து சேர்ந்தது 1802 ஜூன் 14-ல். பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயசுக் குழந்தையின் கையில். ஐஸ் பெட்டி எல்லாம் கிடையாது. ஒரு குழந்தையின் கையில் கொப்புளம் பழுத்ததும், அதிலிருந்து அடுத்த குழந்தைக்கு, அதிலிருந்து அடுத்த குழந்தைக்கு என்று கை மாற்றிக் கை மாற்றித்தான் ஊர் ஊராகப் போனது.

நம் பாரமகாலுக்குப் பக்கத்து வீடான மைசூரில் 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மூன்று பெண்களைப் படமாக வரைந்தார். நாட்டியக்காரிகள் என்றுகூட அதை நினைத்தவர்கள் உண்டு. நைஜல் சான்சலர் என்ற சரித்திர ஆய்வாளர், 'இல்லை, இவர்கள் மைசூர் அரண்மனைப் பெண்கள், இது தடுப்பூசி விளம்பரம்' என்றார். வலது பக்கத்துப் பெண் சேலையை விலக்கி இடது கைமேல் விரல் வைத்துக் காட்டுகிறாள், ஊசி போட்ட இடம். இடது பக்கத்துப் பெண்ணின் வாய், மூக்கைச் சுற்றி நிறம் மாறியிருக்கிறது, பழைய முறையில் அம்மை வைத்ததன் அடையாளம் என்பது அவருடைய வாதம். அவர் சொல்வது சரியென்றால் ஒரே படத்தில் ஒருத்தி இனாகுலேட், இன்னொருத்தி வேக்சினேட்!

சென்னையில் இதற்கு மெனக்கெட்டவர் யார் தெரியுமா? நம்ம எல்லீஸ். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய கலெக்டர். பசு தருகிற பஞ்சகவ்யம் ஐந்தோடு ஆறாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்களை நம்பவைக்க, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு புராணக் கதையே எழுதினார். 1819-ல் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது. மாட்டம்மை ஊசி தன்வந்திரியின் சம்ஸ்கிருத நூலிலேயே இருக்கிறது என்று அடித்துச் சொன்னது. ஐரோப்பா வரை அதை நம்பினார்கள். டொமினிக் வுயாஸ்டிக் என்ற அறிஞர் 1987-ல் இதையெல்லாம் தோண்டித் துருவி, 'நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய்' என்று முடிவு கட்டினார். இன்றைக்கும் அந்தப் பழைய கதையை 'நம் முன்னோர்கள் அப்போதே...' என்று செல்போனில் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வந்தால் அதன் வயசைச் சொல்லி அனுப்புங்கள்.

எல்லீஸ் புராணம் எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் பாஷையிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலேயன் காதில் இனாகுலேட் என்பது தோட்டத்துச் சமாசாரம். பூ, பழம், துளிர் ஞாபகம் வரும். நாம் அதைத் தமிழில் எப்படிச் சொன்னோம்? அம்மை குத்துதல்! இங்கே அம்மை என்பது வியாதி மட்டுமா? அம்மா. மாரியம்மா. கொப்புளத்தை முத்து என்போம். 'அம்மா வந்திருக்கா' என்று வேப்பிலை கட்டி, யார் முகத்திலும் முழிக்காமல் அடங்கியிருந்த வீட்டில் போய், 'அம்மை குத்த வந்திருக்கேன்' என்று ஒருத்தன் ஊசியோடு நின்றால் எப்படி இருக்கும்? 'அம்மை குத்துறவன் வர்றான்' என்றதும் பிள்ளைகளைக் கம்பங்கொல்லைக்குள் ஒளித்துவைத்த கதைகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அதே 'குத்து' நம் அடுப்படியில் எவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். ராத்திரி பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஒரு கரண்டி பழைய தயிரை விடுகிறோமே, அதற்கு என்ன பெயர்? உறை குத்துதல்! சில வீடுகளில் பிரை குத்துதல். கொஞ்சம் உயிரை எடுத்து இன்னொன்றுக்குள் விட்டு, பிடிக்கிறதா என்று காலைவரை காத்திருப்பது. நுண்ணுயிர் ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் ஒரு துளி கிருமியை விட்டு வளர்ப்பதை விஞ்ஞானிகள் என்ன சொல்கிறார்கள்? இனாகுலேட். மரத்துக்குக் கட்டு, உடம்புக்கும் பாலுக்கும் குத்து என்று நாம் சொல்வதை ஆங்கிலக்காரன் ஒரே சொல்லில் அடைத்துவிட்டான். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. இருக்கிற சொற்களுக்குள் இருக்கிற உறவைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை.

குத்து ஜெயித்தது என்பது உங்களுக்குத் தெரியும். சென்னை கிண்டியில் 1899-ல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட், கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மைப்பால் தயாரித்து மாகாணம் முழுக்க அனுப்பியது. 1975 மே மாதம் அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில்வே ஸ்டேஷனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பெண்தான் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி. 1980 மே 8-ல் உலக சுகாதார சபை, பெரியம்மை பூமியிலேயே இல்லை என்று அறிவித்தது. உங்கள் தாத்தா பாட்டி கையில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தால் தொட்டுப் பாருங்கள். நர்சரிச் செடியில் ஒட்டுக் கட்டிய இடமும் அதே மாதிரிதான் தடித்திருக்கும்.

இனி அந்த மாணவியின் கொள்ளு விதைக்கு வருவோம்.

கொள்ளு, கடலை, துவரைச் செடிகளைப் பிடுங்கினால் வேரில் குருணை குருணையாக முடிச்சு இருக்குமே, அது என்னவென்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், காற்றிலிருக்கிற நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிற உயிர்கள் அந்த முடிச்சுக்குள் குடியிருப்பதைக் காட்டினார்கள். 1888-ல் ஹாலந்துக்காரர் பைஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்றைக்கு ரைசோபியம் என்கிறோமே, அதுதான். 1896-ல் ஜெர்மனியில் நோபே, ஹில்ட்னர் என்ற இருவர் அதை வளர்த்து விற்பனைக்கே கொண்டு வந்துவிட்டார்கள். விதையோடு இந்த உயிரைச் சேர்த்துவிட்டால் முளைக்கும்போதே வேருக்கு விருந்தாளி தயார். யூரியா செலவு குறையும். இந்த வேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ஆய்வகத்தில் புழங்கிய அதே இனாகுலேட்!

சொல்லின் பயணத்தைப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போய், மறுபடி வயலுக்கே வந்திருக்கிறது. வரும்போது கோட்டும் டையுமாக வந்ததால் வயல்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. நம் வேளாண் துறைக்காரர்கள் இதற்கு விதை நேர்த்தி என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். அதை மகளுக்கு யாராவது ஒருத்தர், 'உங்கப்பா மொட்டு கட்டறாரே, உங்கம்மா உறை குத்தறாங்களே, அதேதான்மா இது, ஊசியெல்லாம் வேண்டாம்' என்று அரை நிமிஷம் சொல்லியிருக்கலாம்.

தங்கச்சி, ஸ்பெல்லிங் எழுதும்போது 'இன்' பக்கத்தில் ஒரே ஒரு 'என்'தான். ரெண்டு போடுவது உலகத்துக்கே உள்ள வியாதி. 'இன்' முடிந்ததும் 'ஓகுலுஸ்' தொடங்குகிறது, கண். பைனாகுலரில் இருப்பதும் அதே கண்தான்.

அந்த பிராக்டிகலைத் திரும்பச் செய்யச் சொன்னால் இப்படிச் செய்யணும். ஒரு ஹெக்டேருக்கான விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் மூன்று. அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைப்பார்கள். வெயிலில் காயப்போட்டால் உள்ளே இருக்கிற உயிர் செத்துப்போகும். கஞ்சியும் நன்றாக ஆறியிருக்கணும். எவ்வளவு ஆறணும் என்று சந்தேகம் வந்தால், உறை குத்துவதற்கு முன்னால் உங்கம்மா பாலில் விரலை விட்டுப் பார்ப்பாங்களே, அவங்களைக் கேட்டால் போதும்.